வாய் திறக்கும் சமவெளி: முதலாமாண்டுப் பல் மருத்துவ மாணவரும் அவர்தம் சுற்றமும்

பி.டி.எஸ். முதலாமாண்டு மாணவர் என்னும் இனம் சேலம்–நாமக்கல் சமவெளியில் பரவலாகக் காணப்படுவது. அரியானூர், திருச்செங்கோடு, இளையாம்பாளையம், குமாரபாளையம் என்று அடுத்தடுத்துப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால், காலை ஏழரை மணிக்கு இப்பகுதியின் பெரிய பேருந்து நிறுத்தம் எதிலும் அவரைப் பார்க்கலாம். அடையாளம் காண்பது எளிது. தோளில் பை, கையில் ரெக்கார்டு நோட்டு, முழங்கையில் மடித்துப் போட்ட வெள்ளைக் கோட்டு. அதை அவர் மடித்தேதான் வைத்திருப்பார். மாட்டிக்கொண்டு நின்றால் பக்கத்தில் நிற்பவர் வாயைத் திறந்துவிடுவார்.

இந்த வாய் திறத்தலே நம் ஆய்வுப் பொருள்.

பல் மருத்துவர்கள் சட்டம் 1948-இல் வந்தது. பதிவு பெறாதவர் பல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். நான்காண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, அதன் பிறகுதான் பதிவு. அதிலும் முதல் இரண்டு ஆண்டுகள் மாணவர் நோயாளியின் பக்கமே போவதில்லை. மூன்றாம் ஆண்டில்தான் அசல் வாய் கண்ணில் படும். ஆக, ஊரார் வாயின்மீது முதலாமாண்டு மாணவருக்குச் சட்டம் தரும் அதிகாரம், பேருந்துக் கண்டக்டருக்கு எவ்வளவோ அவ்வளவு. ஆனால் கண்டக்டரிடம் யாரும் கடைவாயைக் காட்டுவதில்லை.

இந்த முரணை விளக்க எவரும் முன்வந்ததாக இவ்வாய்வாளர் அறியார். டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் அரசுக் கல்லூரி 1953-இல் வந்தது. இந்த நூறாண்டில் பல்லின் வேர், முகடு, பள்ளம், இடுக்கு எல்லாவற்றையும் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள். பல்லுக்குப் படிக்கப் போன பிள்ளையின் சித்தப்பாவைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

முதலில், மாணவருக்கு என்ன தெரியும் என்பதை வரையறுத்துவிடுவோம். பொது உடற்கூறியல்; உடலியங்கியலும் உயிர்வேதியியலும்; பல் உடற்கூறியலும் வாய்த் திசுவியலும். முதலாண்டுத் தேர்வு இவ்வளவே. பிரேதத்தின் கழுத்தில் எந்த நரம்பு எந்தத் தசைக்கு அடியில் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். சக மாணவரின் விரலில் லான்செட்டால் குத்தி ரத்த வகை பார்க்கத் தெரியும். பெனிடிக்ட் கரைசலைக் காய்ச்சிச் சிறுநீரில் சர்க்கரை உண்டா என்று சொல்லத் தெரியும். ஊதா, இளஞ்சிவப்பு என்ற இரண்டே பென்சிலை வைத்துக்கொண்டு உடம்பின் எந்தத் திசுவையும் வரைந்துவிடத் தெரியும். அவர் வரைந்த உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் கணையத்துக்கும் உள்ள வேறுபாடு, படத்துக்குக் கீழே எழுதிய பெயரில் இருக்கும். சொத்தைப் பல்லுக்கு என்ன செய்ய வேண்டும்? தெரியாது. பாடம் இன்னும் அங்கே வரவில்லை.

அவர் கைக்கு வரும் பல் மெழுகுப் பல்தான். ஒரு மெழுகுக் கட்டி, ஸ்கேல், டிவைடர், லெக்ரான் கார்வர் என்கிற சின்னக் கத்தி. மேல் நடு வெட்டுப்பல் என்றால் தலை பத்தரை மில்லிமீட்டர், வேர் பதின்மூன்று, அகலம் எட்டரை. வீலரின் பல் உடற்கூறியல் நூலில் இருக்கும் இந்த அளவுகளைப் பெரிதாக்கிக் கட்டியில் குறித்துக்கொண்டு, முன்பக்கத் தோற்றத்தை வெட்டி, பிறகு பக்கவாட்டுத் தோற்றத்தை வெட்டி, நான்கு மூலைகளையும் உருட்ட வேண்டும். இந்த உருட்டும் கட்டத்தில்தான் பல் கெடும். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் எடுபட்டுவிடும். சரிக்கட்ட மறுபக்கமும் எடுக்கப்படும். பிறகு மீண்டும் இந்தப் பக்கம். விடிவதற்குள் கோரைப்பல்லாகத் தொடங்கியது வெட்டுப்பல்லாகி, அதுவும் தேய்ந்து, கடைசியில் சீவல் மட்டும் மிஞ்சும். விடுதி அறையில் படுக்கை விரிப்பு, பக்கெட், தேங்காய் எண்ணெய் பாட்டிலின் மூடி என்று எங்கு தொட்டாலும் அந்தச் சீவல் ஒட்டும்.

இங்கே தட்பவெப்பத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். மெழுகு செதுக்கும் கலை குளிர்நாட்டில் வளர்ந்தது. சேலத்துச் சித்திரையில் பாதரசம் நாற்பதைத் தொடும் நாளில் பேருந்து ஜன்னலோரம் வைத்த பையில் ஒரு மெழுகுப் பல் என்ன ஆகும் என்று வீலர் யோசித்திருக்க நியாயமில்லை. வேர் வளையும். வளைந்தால் பாதகமில்லை, இயற்கையிலும் பெரும்பாலான வேர் நுனிகள் முக நடுக்கோட்டை விட்டு விலகிய பக்கமாக, அதாவது டிஸ்டல் பக்கமாகச் சற்றுச் சாய்ந்தே இருக்கும். சாய்வைக் காட்டி, "வேணும்னேதாங்க மேடம் அப்படிச் செதுக்கினேன்" என்று சொல்லிவிடலாம். ஆனால் பைக்குள் கிடக்கும் பல் எந்தப் பக்கம் சாயும் என்பது, ராசிபுரத்திலிருந்து வரும் பேருந்து எந்தத் திசை நோக்கி ஓடுகிறது, சூரியன் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நடுக்கோட்டை நோக்கிய மீசியல் பக்கம் சாய்ந்துவிட்டால் பேராசிரியர் ஒரே சொல் சொல்வார்: ரிப்பீட்.

மேல் முதல் கடைவாய்ப்பல் தனிச் சோதனை. நான்கு முகடுகள் போதாதென்று, சிலருக்கு உட்பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு குட்டி முகடு இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவில் இருந்த காரபெல்லி என்பவரின் பெயர் அதற்கு. எல்லாருக்கும் இருக்காது. இதைப் படித்த அன்று மாணவர் நாள் முழுக்கத் தன் மேல்வாயின் உட்பக்கத்தை நாக்கால் துழாவிக்கொண்டே இருப்பார். வீட்டில் பாட்டி கேட்பார்: "வாயில என்ன கண்ணு, புளியங்கொட்டையா?"

செதுக்குதலுக்கு அடுத்த நோய் எண். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 1970-களின் தொடக்கத்தில் பற்களுக்கு ஈரிலக்க எண் முறையைக் கொண்டுவந்தது. வாயை நான்கு கால்பகுதியாகப் பிரித்து, மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4 என்று வைத்தார்கள். நடுவிலிருந்து பின்னோக்கி ஒன்று முதல் எட்டு. பால்பற்களுக்கு இதே வரிசையில் 5 முதல் 8 வரை. ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து பல். இந்த முறையை வகுத்தவர்கள் தமிழ்நாட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களைக் கலந்து பேசவில்லை. விளைவு, லாரிகளின் தலைநகரில் படிக்கும் பிள்ளையின் தலையில் விடிந்தது.

வண்டியின் எண் பலகையில் டிஎன் 28 என்றால் ஊருக்கு நாமக்கல். முதலாமாண்டு மாணவருக்கு மேல் இடது ஞானப்பல். நாமக்கல் பைபாஸில் பத்து நிமிடம் நின்றால் வரிசையாக ஞானப்பற்கள் சரக்கேற்றிக்கொண்டு வடக்கே போவதைப் பார்க்கலாம். பதினேழு வயதுக்கு மேல்தான் முளைக்கும், இடமில்லாமல் சிக்கிக்கொள்ளும், சிலருக்கு வரவே வராது என்று பாடநூல் சொல்லும் பல் இது. லோடு லாரியைப் பற்றியும் பைபாஸில் இதையேதான் சொல்கிறார்கள். டிஎன் 34 திருச்செங்கோடு: கீழ் இடது முதல் முன்கடைவாய்ப்பல். டிஎன் 33 ஈரோடு: அதை ஒட்டிய கோரைப்பல். வரைபடத்திலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். பல்லிடுக்கில் காவிரி ஓடுகிறது. இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த இரவு ஒரு மாணவருக்குத் தூக்கம் வரவில்லை என்று தகவல்.

சிக்கல் சேலத்தில் தொடங்குகிறது. சேலம் மேற்கு டிஎன் 30. அப்படி ஒரு பல்லே கிடையாது. சேலம் கிழக்கு டிஎன் 54. அது மேல் வலது பால் கடைவாய்ப்பல், பத்து வயதுவாக்கில் விழுந்துவிடும். எஃகு ஆலையும் மாம்பழ மண்டியும் உள்ள மாநகரத்தில் பாதி பால்பல், பாதி வெற்றிடம். கோட்டை கட்டிய சங்ககிரியோ டிஎன் 52, பால் வெட்டுப்பல். ஏழெட்டு வயதைத் தாண்டாது. தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட ஊருக்கு இப்படியா என்று மனம் வருந்தும். வாய்மொழித் தேர்வில் 36-ஐப் பற்றிக் கேட்டால் கோபிச்செட்டிபாளையம் என்று நாக்கு நுனி வரை வந்துவிடும். சொல்லாமல் அடக்கிக்கொள்வதற்குத்தான் மதிப்பெண்.

36 பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இது விளையாட்டில்லை. கீழ் முதல் கடைவாய்ப்பல் ஆறு வயதில் முளைக்கிறது. எந்தப் பால்பல்லும் விழாமல், எல்லாவற்றுக்கும் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கும். பல் விழவில்லையே, அதனால் இதுவும் பால்பல்தான், சொத்தையானாலும் விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் முளைக்க எதுவும் இல்லை. முதலாமாண்டு மாணவர் உறவினர் வீட்டில் உருப்படியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். இதை மட்டும் யாரும் அவரிடம் கேட்பதில்லை.

கேட்பது வேறு. களத்துக்கு வருவோம்.

வாய் திறத்தல் அதிகம் நிகழும் இடம் கல்யாணப் பந்தி. காரணம், வாய் ஏற்கெனவே திறந்திருக்கிறது. தட்டுவடை செட்டுக்குப் பேர்போன ஊரில் பல்லின் நிலவரம் மாலை நேரத்தில் தெருவிலேயே தெரிந்துவிடும் என்றாலும், பந்தியில்தான் அதற்கு முறையான விசாரணை நடக்கிறது. எதிர் வரிசையிலிருந்து ஒரு மாமா முதலில் வரலாற்றுக் கேள்வியைக் கேட்பார்.

"தம்பி பல்லு டாக்டருக்குத்தானுங்களே படிக்கிறீங்க? எம்.பி.பி.எஸ். கெடைக்கலீங்களா?"

நீட், கட்-ஆஃப், கவுன்சலிங் என்று மாணவர் விளக்கத் தொடங்குவார். உறைவிடப் பள்ளிகளாலும் மதிப்பெண்களாலும் பேரெடுத்த மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குச் சுருக்கமான பதில் கிடையாது. மாமா பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. அவர் வாய் இப்போது திறந்துவிட்டது. ஆள்காட்டி விரல் உள்ளே போய்க் கன்னத்தை இழுத்துப் பிடிக்கிறது. அதே விரலில் பாயசம் இருக்கிறது.

"இங்க பாருங் தம்பி. இதா, இந்தக் கடவாப் பல்லு. ராத்திரியானா குத்தல் எடுக்குதுங்."

மாணவர் பார்க்கிறார். பார்த்தவுடன் அது 46 என்று தெரிகிறது. எத்தனை முகடு, எத்தனை வேர், எந்த மாதத்தில் அதன் சுண்ணாம்புப் படிவு தொடங்கியது எல்லாம் நினைவுக்கு வருகிறது. பிறப்பதற்கு முன்பிருந்து அந்தப் பல்லின் சரித்திரம் அவருக்கு மனப்பாடம். இன்று ராத்திரி அதை என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது. அவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, "ம்ம்" என்கிறார். இந்த ‘ம்ம்’ ஆராயத்தக்கது. இரண்டு விநாடிக்குக் குறைந்தால் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவாகும். ஐந்து விநாடியைத் தாண்டினால் மாமாவின் முகம் வெளிறும்.

அடுத்து, பையன் சொல்வான்: "வெதுவெதுப்பான தண்ணியில உப்புப் போட்டுக் கொப்புளிங்க மாமா. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிருங்க." முதலாமாண்டின் மருந்தியல் முழுவதும் இவ்வளவுதான். மாமாவின் வீட்டில் அவருடைய அம்மா ஐம்பது வருடமாகச் சொல்லிவரும் வைத்தியமும் இதுவே. வேறுபாடு, இப்போது அது படித்த வாயிலிருந்து வந்திருக்கிறது. மாமா திருப்தியடைந்து, பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "டாக்டருக்கு இன்னொரு ஜிலேபி வைங்க" என்பார். சட்டம் 1948 இந்த ஜிலேபியைப் பற்றி மௌனம் காக்கிறது.

பெண்கள் வரிசையில் கேள்வி வேறு மாதிரி வரும். "மேல் பல்லப் புடுங்குனா கண்ணு மங்கிருமாமா கண்ணு?" இதற்கு மட்டும் முதலாமாண்டு மாணவரால் எந்த நிபுணருக்கும் குறையாமல் பதில் சொல்ல முடியும். கபால நரம்புகள் பன்னிரண்டையும் அவர் இப்போதுதான் உருப்போட்டு முடித்திருக்கிறார். பார்வைக்கு இரண்டாம் நரம்பு. பல்லுக்கு ஐந்தாவது, அதன் நடுக்கிளை. கண்ணும் மேல்பல்லும் பக்கத்து வீடுகளே தவிர, கம்பி வேறு. மங்காது. ஆனால் அவர் முதல் நரம்பிலிருந்து வரிசையாகத் தொடங்குவதால், ஐந்தாவதுக்கு வருவதற்குள் ரசம் வந்துவிடுகிறது. அத்தை எழுந்து போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது காதில் விழும்: "பையன் என்னவோ சொல்றான். மங்கும்னுதான் நெனைக்கறேன்."

வீட்டுக்குள்ளே நிலைமை இன்னும் மோசம். அங்கே போட்டி ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

நாமக்கல்லை அடுத்த புதன்சந்தையில் மாட்டுச் சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. அந்தச் சந்தைக்குப் போய்ப் பழகிய அப்புச்சி ஒருவர் முதலாமாண்டுப் பேத்திக்கு வாய்மொழித் தேர்வு நடத்தியதை இவ்வாய்வாளர் நேரில் கண்டார். அப்புச்சி மாட்டின் கீழுதட்டைக் கட்டைவிரலால் மடக்கி, ஒரு பார்வையில் வயது சொல்லுகிறவர். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் சேர்ந்தது: விலை அதை வைத்துத்தான்.

"மாட்டுக்கு மேல முன்னம்பல்லு எத்தன சாமி?"

பேத்தி யோசித்தாள். "எட்டுங்களா அப்புச்சி?"

"ஒண்ணு கெடையாது. மேல வெறும் ஈறுதான். என்னத்தப் படிக்கிறீங்களோ."

உண்மை. மாட்டின் மேல்தாடை முன்புறத்தில் பல் இல்லை; தடித்த மெத்தைதான். கீழே எட்டு வெட்டுப்பல், பின்னால் கடைவாய் வரிசை. மொத்தம் கூட்டினால் முப்பத்திரண்டு. கன்றின் பால்பல் இருபது. மனிதருக்கும் முப்பத்திரண்டு, இருபது. இந்தக் கணக்கைப் பேத்தி தாளில் போட்டுக் காட்டியபோது அப்புச்சி கொஞ்சம் அசந்துதான் போனார். பிறகு சமாளித்துக்கொண்டு தன் கீழுதட்டை மடக்கிக் காட்டி, "அப்ப என்ற வயசச் சொல்லு" என்றார். முன்வரிசையில் இரண்டு பல் இருந்தது. சந்தைக் கணக்கின்படி அப்புச்சிக்கு இரண்டு, இரண்டரை வயது.

கோழிப் பண்ணைகளில் இந்த நெருக்கடி இல்லை என்பதையும் பதிவு செய்கிறோம். நாமக்கல் மாவட்டத்தில் மிகுதியாக வாழும் உயிரினத்துக்குப் பல்லே கிடையாது.

தந்தையார் ரிக் வண்டித் தொழிலில் இருந்தால் உரையாடல் பொறியியல் பக்கம் திரும்பும். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்க ஓடுபவை. பல் துளைக்கும் ஏரோட்டார் கருவியும் காற்றழுத்தத்தில் சுழல்வது, நிமிடத்துக்கு மூன்று, நான்கு லட்சம் சுற்று. அதற்கும் கம்ப்ரஸர், அதற்கும் தண்ணீர், அதற்கும் நுனியில் வைரத்தூள் பூசிய பிட். கேட்டதும் அப்பாவின் முகம் மலர்கிறது.

"எத்தன அடி ஓட்டுவீங்க?"

"அடி இல்லீங்ப்பா. எனாமல் அதிகபட்சம் ரெண்டரை மில்லி. அதுக்குக் கீழ டென்டின்."

"ரெண்டரை மில்லி ஓட்டறதுக்கு அஞ்சு வருசமா?"

வேர் சிகிச்சை என்று ஒன்று உண்டு, அதில் இன்னும் ஆழமாகப் போகலாம் என்று மகன் சமாதானம் சொல்கிறான். இருபது மில்லிமீட்டர் என்று கேட்டு அப்பா தன் வண்டியைப் பார்க்கிறார். மண் சரியாமல் கேசிங் பைப் இறக்குவது மாதிரி, துளைத்த பல்லுக்கு மேலே மூடி ஒன்று போடுவார்கள் என்பதில்தான் தொழிலின் கௌரவம் ஓரளவு மீள்கிறது.

இந்தத் தந்தையும் மகனும் இன்னோர் இடத்திலும் சந்திக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் பக்கத்துக் கடும்பாறைக்குள் கிடக்கும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும் முதல் ஏழெட்டு வயதுக்குள் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பல்லில் வெண்திட்டும் காவி நிறமும் ஏறிவிடும். எந்தப் பற்பசையாலும் போகாது. கறை மேலே படிந்ததன்று, பல்லோடு சேர்ந்து உருவானது. ‘ஒழுங்கா வெளக்கறதில்ல’ என்று அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் திட்டியிருப்பார்கள். ஹொகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013-இல் வந்ததற்குக் காரணமே இதுதான். முதலாமாண்டு வகுப்பில் இப்படிப்பட்ட பல்லோடு உட்கார்ந்து எனாமல் பாடம் படிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் அந்தப் பக்கத்தை மற்றவர்களைவிட நிதானமாகப் படிக்கிறார்கள்.

கடைசியாக, பாட்டில். மெழுகு போதாது, அசல் பல்லும் வேண்டும் என்று துறையில் சொல்லிவிடுவார்கள். மாணவர்கள் சனிக்கிழமைகளில் பல் கிளினிக்குகளின் வாசலில் நிற்பார்கள், பிடுங்கிய பல்லைக் கேட்டு வாங்க. ஞானப்பல் தாராளமாகக் கிடைக்கும். முழு வேரோடு ஒரு மேல் கோரைப்பல் கிடைத்துவிட்டால் அன்றைக்கு விருந்து. இரண்டு 36 கொடுத்து ஒரு 13 வாங்கும் பண்டமாற்று விடுதியில் நடக்கிறது. சேர்த்த பற்களை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, மூடி போட்டு, விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பாட்டில் பெரும்பாலும் ஊறுகாய் பாட்டில். லேபிளைக் கிழிக்க மறந்திருப்பார்கள்.

"இதெல்லாம் யாரு பல்லு?" என்று அம்மா கேட்பார். அறிவியலில் இக்கேள்விக்கு இடமில்லை. நம் ஊரில் விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். ஒரு தலைமுறை முன்பு பல்லை வீட்டுக்கு வெளியே எறிந்த அம்மாவிடம், முன்பின் தெரியாதவர்களின் பல்லைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளே வந்தால் என்ன நடக்கும்? பாட்டில் மொட்டை மாடிக்குப் போகும். கூரைக்குப் போக வேண்டிய பொருள் எப்படியும் கூரைக்குப் போய்ச் சேர்கிறது என்பது இவ்வாய்வின் துணை முடிவு.

ஆய்வின் எல்லை முதலாமாண்டோடு முடிகிறது. இரண்டாமாண்டு மாணவர் வேறு இனம். மெழுகுத் தூள் போய் அவர் மேலெல்லாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் படியும். பல்லில்லாத தாடை மாதிரியின்மேல் முழு செட் அடுக்கப் பழகுவார். வாயைத் திறந்து காட்டுகிறவர்களின் வயதும் அதற்கேற்பக் கூடும் என்பது நம் கணிப்பு. எருமப்பட்டியிலிருந்து ஓர் அப்பத்தா, தேர்வு முடிவு வருவதற்குள்ளேயே, அளவு கொடுக்க எந்தக் கிழமை வரட்டும் என்று ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார். சிவப்பு ஈறு வேண்டாமாம், கொஞ்சம் மாநிறமாக இருந்தால் நல்லதாம்.